சைக்கோசிஸும் மூளையும்: ஸ்கேனில் தெரிவதும் தெரியாததும்

இருபது வயதுப் பிள்ளை மாதக்கணக்கில் கல்லூரிக்குப் போகாமல், கதவைச் சாத்திக்கொண்டு, யாருக்கும் கேட்காத குரல்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறான். வீட்டார் ஒருவழியாக மருத்துவரிடம் கூட்டிப்போகிறார்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கிறார்கள். 'குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை' என்று அறிக்கை வந்தால், 'மூளையில் ஒன்றும் இல்லையே, பிறகு மாத்திரை எதற்கு' என்ற பேச்சு கிளம்புகிறது. 'வென்ட்ரிக்கிள்கள் (மூளைக்குள் உள்ள திரவ அறைகள்) சற்றே பெரிதாக உள்ளன' என்று ஒரு வரி இருந்துவிட்டாலோ, மூளையே கரைந்துபோய்விட்டது என்று குடும்பம் இடிந்துபோகிறது. இரண்டு முடிவும் தவறு. சைக்கோசிஸில் மூளையின் அமைப்பில் மாற்றம் இருப்பது உண்மை. ஆயிரக்கணக்கானோரை அளந்து உறுதி செய்யப்பட்ட உண்மை. ஆனால் அந்த மாற்றம் ஒரு தனி ஆளின் படத்தை வைத்துப் படித்துவிடக் கூடிய அளவில் இல்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொள்ளாததால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

முதலில், எந்த நோயைப் பற்றிப் பேசுகிறோம் என்பது. இல்லாத குரல் கேட்பது, எவ்வளவு சொன்னாலும் அசையாத தவறான நம்பிக்கை, கோவையில்லாத பேச்சு ஆகியவை சேர்ந்த நிலைக்குத்தான் சைக்கோசிஸ் என்று பெயர். மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா), இருதுருவ நோய், கடும் மனச்சோர்வு, போதைப்பொருள், வலிப்பு, மூளைத் தொற்று என்று பல வழிகளில் ஒருவர் அந்த நிலைக்கு வந்து சேரலாம். மூளை அமைப்பு பற்றிய ஆய்வுகளில் பெரும்பகுதி மனச்சிதைவு நோயைச் சுற்றியே நடந்திருக்கிறது. கீழே வரும் எண்களும் பெரும்பாலும் அதைச் சேர்ந்தவை.

1920களில் ஜெர்மனியில் முதுகுத்தண்டு வழியாக மூளைத் திரவத்தை வடித்துவிட்டு, காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். சில நோயாளிகளுக்கு மூளைக்குள் இருக்கும் திரவ அறைகள், அதாவது வென்ட்ரிக்கிள்கள், பெரிதாகத் தெரிந்தன. பொறுக்க முடியாத தலைவலியைத் தரும் பரிசோதனை அது. நலமாக இருப்பவர்களுக்குச் செய்து ஒப்பிட வழியில்லை. அதனால் அந்தக் கண்டுபிடிப்பு அரைகுறையாகவே நின்றது. சி.டி. ஸ்கேன் வந்த பிறகுதான் விஷயம் மாறியது. 1976இல் லண்டனின் நார்த்விக் பார்க் மருத்துவமனையில் ஈவ் ஜான்ஸ்டன், டிம் க்ரோ குழுவினர் நெடுநாள் மனச்சிதைவு நோயாளிகள் 17 பேரையும் நலமான 8 பேரையும் ஸ்கேன் செய்து ஒப்பிட்டார்கள். நோயாளிகளின் வென்ட்ரிக்கிள்கள் பெரிதாக இருந்தன. வெறும் 25 பேரை வைத்துச் செய்த ஆய்வு. ஆனாலும் 'இது மூளையைத் தொட்ட நோய்' என்ற வாதத்துக்கு அது முதல் வலுவான காலூன்றலைத் தந்தது. தாயின் வளர்ப்பில்தான் கோளாறு என்று அம்மாக்கள் மீது பழி போட்டுக்கொண்டிருந்த காலம் அது என்பதை நினைத்தால், அந்த ஆய்வின் மதிப்பு விளங்கும்.

1990இல் இன்னொரு முக்கியமான ஒப்பீடு வந்தது. ஒரே கருவில் பிறந்த 15 இரட்டையர் ஜோடிகள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவருக்கு மனச்சிதைவு, மற்றவருக்கு இல்லை. 14 ஜோடிகளில் நோய் வந்தவரின் இடப்பக்க ஹிப்போகாம்பஸ், அதாவது நினைவாற்றலுக்கு முக்கியமான மூளைப் பகுதி, மற்றவருடையதைவிடச் சிறியதாக இருந்தது. மரபணு ஒன்றே என்பதால், வித்தியாசம் முழுவதையும் பரம்பரையின் தலையில் கட்ட முடியாது. கருப்பையிலோ பிறப்பிலோ பிறகோ ஏதோ ஒன்று ஒருவரை மட்டும் பாதித்திருக்க வேண்டும். இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. நோய் வந்தவரின் ஹிப்போகாம்பஸ் தனியாகப் பார்த்தால் பல நேரங்களில் 'சரியான' அளவிலேயே இருந்திருக்கும். இரட்டையர் பக்கத்தில் இருந்ததால்தான் அது தனக்கு இருக்க வேண்டியதைவிடச் சிறியது என்று தெரிந்தது. நமக்கெல்லாம் அப்படி ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு நகல் கிடையாது.

இப்போது பெரிய எண்களுக்கு வருவோம். எனிக்மா என்ற உலகக் கூட்டுமுயற்சி 2016இல் 2,028 மனச்சிதைவு நோயாளிகளையும் 2,540 நலமானவர்களையும் ஒப்பிட்டது. மூளையின் உட்பகுதிகளான ஹிப்போகாம்பஸ், அமிக்டலா, தாலமஸ், நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ் ஆகியவை சராசரியாகச் சிறுத்திருந்தன. இன்னோர் உட்பகுதியான பாலிடமும் பக்க வென்ட்ரிக்கிள்களும் பெரிதாக இருந்தன. இருப்பதிலேயே பெரிய வேறுபாடு ஹிப்போகாம்பஸில்தான். அதன் அளவு 0.46 திட்ட விலக்கம் (ஆளுக்கு ஆள் அளவு வழக்கமாக எவ்வளவு மாறுபடும் என்பதைக் காட்டும் அலகு). 2018இல் அதே குழு 4,474 நோயாளிகளை எடுத்துக்கொண்டு மூளையின் மேற்பரப்பான புறணியை அளந்தது. புறணியின் தடிமன் ஏறத்தாழ அரை திட்ட விலக்கம் குறைவாக இருந்தது. நெற்றி மடலிலும் காதையொட்டிய பக்க மடலிலும் இந்தக் குறைவு கூடுதல்.

0.46 என்றால் நடைமுறையில் என்ன? நோயாளி ஒருவரையும் நலமானவர் ஒருவரையும் கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கி எடுத்து, யாருடைய ஹிப்போகாம்பஸ் சிறியதோ அவர்தான் நோயாளி என்று சொன்னால், 100 தடவையில் சுமார் 63 தடவை சரியாக இருக்கும். காசைச் சுண்டினாலே 50 தடவை சரியாக வரும். இரண்டு கூட்டத்தின் அளவுகளும் பெரும்பகுதி ஒன்றன்மேல் ஒன்று படிந்தே கிடக்கின்றன. நோயே இல்லாத எத்தனையோ பேருக்குச் சிறிய ஹிப்போகாம்பஸ். பல ஆண்டு நோயோடு வாழ்பவர்களில் எத்தனையோ பேருக்குப் பெரியது. 'படத்தைப் பார்த்தே மனச்சிதைவைக் கண்டுபிடித்துத் தருகிறோம்' என்று யாராவது விளம்பரம் செய்தால் பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அளவெடுக்கும் கருவியின் குறைகளையும் தெரிந்துகொள்ள வேண்டும். புறணியின் தடிமன் சராசரியாக 2.5 மில்லிமீட்டர். இதை அளக்கப் பயன்படும் டி1 என்ற வகை எம்.ஆர்.ஐ. படத்தின் ஒவ்வொரு புள்ளியும் பொதுவாக 1 மில்லிமீட்டர் கனசதுரம். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான வித்தியாசத்தை, எல்லைக்கோட்டைக் கணினி ஊகித்து வரைவதன் மூலம்தான் பிடிக்கிறார்கள். படம் எடுக்கும் ஐந்தாறு நிமிடமும் தலை அசையக் கூடாது. தலை நிமிடத்துக்கு 1 மில்லிமீட்டர் கூடுதலாக அசைந்தாலே, நரம்புச் செல்கள் செறிந்த சாம்பல் நிறப் பகுதியின் அளவு சுமார் 0.7 சதவீதம் குறைவாகக் காட்டும் என்று 2015இல் அளந்து காட்டினார்கள். மருந்து எடுக்கும் மனச்சிதைவு நோயாளிகளின் மொத்த மூளை அளவே சராசரியாக 2.6 சதவீதம்தான் குறைவு என்று 2013இல் வந்த தொகுப்பாய்வு சொல்கிறது. இரைச்சலான குழாய்க்குள் யாரோ தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்ற பயத்தோடு படுத்திருக்கும் ஒருவர் நலமானவரைவிட அதிகம் அசையத்தான் செய்வார். அந்த அசைவே ஒரு பகுதி 'சுருக்கத்தை' உண்டாக்கிவிடலாம். தண்ணீர் குடித்திருப்பதும் கணக்கில் வரும்: 16 மணி நேரம் தண்ணீர் இல்லாமல் இருந்தவர்களின் மூளை அளவு 0.55 சதவீதம் குறைந்தது, குடித்ததும் மீண்டது. இவற்றோடு குடி, புகை, உடல் எடை, சர்க்கரை நோய், கஞ்சா எல்லாமே மூளை அளவை இழுப்பவை. மனச்சிதைவு நோயாளிகளிடம் இவை அதிகம் இருப்பவை. நல்ல ஆய்வுகள் இவற்றையெல்லாம் கழித்த பிறகும் வேறுபாடு மிஞ்சுகிறது என்பதால்தான் அதை நம்புகிறோம். இரண்டு வெவ்வேறு ஸ்கேன் மையங்களில், இரண்டு வெவ்வேறு இயந்திரங்களில் எடுத்த படங்களை ஒப்பிட்டு 'போன வருஷத்தைவிடச் சுருங்கியிருக்கிறது' என்று வீட்டில் முடிவுகட்டுவதில் மட்டும் ஒரு பொருளும் இல்லை.

அடுத்த கேள்வி: குறைந்திருப்பது எது? நரம்புச் செல்கள் செத்துப்போனால் அங்கே அவற்றுக்குத் துணைநிற்கும் கிளியல் செல்கள் பெருகி வடுபோல நிற்கும். அல்சைமர் நோயிலும் பக்கவாதத்திலும் அதைப் பார்க்கலாம். மனச்சிதைவு நோயில் இறந்தவர்களின் மூளையை நுண்ணோக்கியில் பார்த்தால் அப்படிப்பட்ட வடு பொதுவாக இல்லை. நெற்றி மடலில் நரம்புச் செல்களின் எண்ணிக்கை பெரிதாகக் குறையவில்லை. அவை வழக்கத்தைவிட நெருங்கி நிற்கின்றன. நடுவில் இருக்க வேண்டிய கிளைகளும் இணைப்புகளும்தான் குறைவு. 2000ஆம் ஆண்டில் வெளியான ஒரு ஆய்வில், நெற்றி மடல் புறணியின் மூன்றாம் அடுக்கில் நரம்புச் செல்லின் கிளைகளில் முளைத்திருக்கும் சின்னஞ்சிறு முட்கள், அதாவது மற்ற செல்களின் சமிக்ஞையை வாங்கும் இடங்கள், நலமானவர்களைவிட 23 சதவீதம் குறைவாக இருந்தன.

பதின்ம வயதில் எல்லோருடைய மூளையும் தேவையற்ற இணைப்புகளைக் கத்தரித்துக்கொள்கிறது. அந்தக் கத்தரிப்பு அளவுக்கு மீறினால் மனச்சிதைவு வரலாம் என்று இர்வின் ஃபைன்பெர்க் 1982இலேயே சொன்னார். நோய் பெரும்பாலும் பதினாறுக்கும் முப்பதுக்கும் இடையில் தலைகாட்டுவதற்கு அது நல்ல விளக்கமாக இருந்தது, ஆதாரம்தான் இல்லை. 2016இல் ஆறாவது குரோமோசோமில் உள்ள சி4 மரபணு பற்றிய ஆய்வு ஒரு பிடிமானம் கொடுத்தது. நோய் எதிர்ப்புக்கான சி4 புரதம், எந்த இணைப்பை அகற்ற வேண்டும் என்று குறியிடும் வேலையிலும் பங்கெடுக்கிறது; குறியிட்டதை மைக்ரோகிளியா என்ற மூளையின் துப்புரவுச் செல்கள் தின்று அகற்றுகின்றன. சி4ஏ வகை அதிகமாகச் சுரக்கும்படியான மரபணு அமைப்பு உள்ளவர்களுக்கு மனச்சிதைவு அபாயம் கூடுதல் என்று சுமார் 28,800 நோயாளிகளின் மரபணுத் தரவு காட்டியது. கூடுதல் என்றாலும் தனி ஒருவரைப் பொறுத்தவரை மிகச் சிறிய கூடுதல்தான். 2020இல் லண்டனில், உயிரோடு இருப்பவர்களின் மூளையிலேயே இணைப்பு முனைகளில் உள்ள எஸ்.வி.2ஏ என்ற புரதத்தை, சிறிதளவு கதிரியக்கப் பொருளைச் செலுத்தி எடுக்கும் பெட் ஸ்கேன் மூலம் அளந்தார்கள். நெற்றி மடலிலும் மூளையின் உட்பக்கத்தில் உள்ள முன் சிங்குலேட் பகுதியிலும் அது குறைவாக இருந்தது. மூளை 'அழுகுகிறது', 'செத்துக்கொண்டிருக்கிறது' என்றெல்லாம் பேசுவதற்கு இந்த ஆதாரங்களில் இடமே இல்லை. இணைப்பு என்பது கூடவும் குறையவும் கூடியது.

மாற்றம் எப்போது தொடங்குகிறது என்பதில் மெல்பர்ன் ஆய்வு முக்கியமானது. சைக்கோசிஸ் வரக்கூடும் என்று கருதப்பட்ட 75 இளைஞர்களை நோய் வருவதற்கு முன்பே ஸ்கேன் செய்தார்கள். பின்னர் 23 பேருக்கு நோய் வந்தது. அவர்களுக்கு முதல் படத்திலேயே பக்க மடல், நெற்றி மடல், சிங்குலேட் பகுதிகளில் சாம்பல் நிறப் பகுதி குறைவாக இருந்தது என்று 2003இல் எழுதினார்கள். 2015இல் வட அமெரிக்காவில் 274 பேரைத் தொடர்ந்தபோது, நோய்க்குள் போன 35 பேரின் நெற்றி மடல் மற்றவர்களைவிட வேகமாக மெலிந்தது. ஆக, ஒரு பகுதி நோய்க்கு முந்தியது, ஒரு பகுதி நோய் தொடங்கும் காலத்தைச் சேர்ந்தது. அதற்குப் பிறகு? நலமான பெரியவர்களின் மூளை ஆண்டுக்குச் சுமார் 0.2 சதவீதம் குறைகிறது என்றால், மனச்சிதைவு நோயாளிகளுக்கு அது 0.5 சதவீதம் என்று பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த கணக்கு ஒன்று உண்டு. இந்த மிச்சம் 0.3 சதவீதத்துக்கு யார் பொறுப்பு என்பதில்தான் பெரிய சண்டையே: நோயா, மருந்தா?

மருந்துக்கும் பங்கு உண்டு. மறைப்பதற்கு ஒன்றுமில்லை. 2005இல் மக்காக் குரங்குகளுக்கு, மனிதர்களுக்கு இணையான ரத்த அளவில், சைக்கோசிஸ் மருந்துகளான ஹாலோபெரிடால் அல்லது ஒலான்சபினை 17 முதல் 27 மாதங்கள் கொடுத்தார்கள். நோயே இல்லாத அந்தக் குரங்குகளின் மூளை எடை 8 முதல் 11 சதவீதம் குறைந்தது. 2011இல் அயோவாவில் நான்சி ஆண்ட்ரியாசென் குழு 211 நோயாளிகளைச் சராசரியாக 7 ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்தது. மருந்து எவ்வளவு அதிகமோ சாம்பல் நிறப் பகுதி அவ்வளவு குறைவு என்று கண்டது. ஆனால் நோய் கடுமையானவர்களுக்குத்தான் அதிக மருந்து கொடுக்கப்படும். நோயின் கடுமையைக் கணக்கில் கழித்தாலும் முழுமையாகக் கழிந்துவிட்டதாகச் சொல்ல முடியாது.

இந்தச் சிக்கலைக் குலுக்கல் முறையில் பிரித்த ஆய்வு 2020இல் வந்தது. சைக்கோசிஸ் கலந்த மனச்சோர்வு வந்து, ஒலான்சபினும் மனச்சோர்வு மருந்தான செர்ட்ராலினும் எடுத்து நலமானவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஒலான்சபின் தொடர்ந்தது. இன்னொரு பிரிவுக்கு அதே தோற்றத்தில் வெற்று மாத்திரை. 36 வாரம். நலம் நீடித்தவர்களில், ஒலான்சபின் எடுத்தவர்களின் புறணி மெலிந்தது. வெற்று மாத்திரை எடுத்து நோய் திரும்பியவர்களின் புறணியும் மெலிந்தது. மருந்தும் மெலியச் செய்கிறது. மருந்தை விட்டு நோய் திரும்பினாலும் மெலிகிறது. இவ்வளவு நேர்மையான பதிலைத் தந்த ஆய்வு இத்துறையில் குறைவு.

மெலிந்தால் நிரந்தரச் சேதமா என்பது வேறு கேள்வி. 2010இல் நலமான தன்னார்வலர்களுக்கு ஹாலோபெரிடால் ஒரே ஒரு ஊசி போட்டு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். ஓரிரு மணி நேரத்திலேயே மூளையின் ஆழத்தில் உள்ள ஸ்ட்ரையேட்டம் பகுதி சுருங்கியதாகப் படம் காட்டியது. ஒரு நாளுக்குள் பழைய அளவுக்குத் திரும்பியது. ஒரு மணி நேரத்தில் செல் செத்து மறுநாள் பிழைத்துவராது. நீர்ச்சத்து, ரத்த ஓட்டம், இணைப்பு முனைகளின் அளவு எல்லாமே படத்தில் 'கன அளவு' என்ற ஒரே எண்ணாக வந்து விழுகின்றன. எண் குறைந்தால் எது குறைந்தது என்று அந்த எண்ணே சொல்வதில்லை.

எல்லாவற்றையும் மருந்தின் மேல் போட்டுவிட முடியாது என்பதற்கு நம் பக்கத்திலிருந்தே ஓர் ஆதாரம் உண்டு. சென்னையில் உள்ள மனச்சிதைவு ஆய்வு நிறுவனமான ஸ்கார்ஃபைச் சேர்ந்த தாரா, பத்மாவதி உள்ளிட்டோர் ஸ்காட்லாந்தின் ராபின் மெக்ரீடியோடு சேர்ந்து, ஆண்டுக்கணக்கில் மனச்சிதைவு இருந்தும் ஒரு மாத்திரைகூட எடுக்காத நோயாளிகளை ஆராய்ந்தார்கள். வாயைச் சுழிப்பது, நாக்கை நீட்டுவது போன்ற தன்னிச்சை அசைவுகள் மருந்தின் பக்கவிளைவு என்றுதான் பொதுவாகக் கருதுகிறோம். மருந்தே தொடாத இவர்களில் சிலருக்கும் அவை இருந்தன. அப்படி அசைவு உள்ளவர்களின் மூளையில், உடல் அசைவைச் சீர்செய்யும் ஆழப் பகுதியான லென்டிஃபார்ம் நியூக்ளியஸ், குறிப்பாக அதில் உள்ள புட்டாமென், பெரிதாக இருந்தது என்று 2002இல் வெளியிட்டார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடுவது மிக ஆபத்தான முடிவு. நலமடைந்தவர்களிடம் நடத்திய 65 ஆய்வுகளைத் தொகுத்த 2012ஆம் ஆண்டுக் கணக்கில், ஓராண்டுக்குள் நோய் திரும்பியது மருந்து எடுத்தவர்களில் 27 சதவீதம் பேருக்கு. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 64 சதவீதம் பேருக்கு. பின்லாந்தில் நாடு முழுவதையும் தழுவிய பதிவேட்டில் நெடுநாள் மருந்து எடுத்தவர்களின் இறப்பு விகிதம் மருந்தே எடுக்காதவர்களுடையதைவிடக் குறைவு. ஸ்கேனில் சில கன சென்டிமீட்டர் குறைவதைவிட, நோய் திரும்பித் தெருவில் அலைவதும் தற்கொலையும் பெரிய இழப்புகள். மூளை அளவு பற்றிய ஆய்வுகளிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, தேவைக்கு மேல் ஒரு மில்லிகிராம்கூட வேண்டாம் என்பதுதான். காரணம் இல்லாமல் இரண்டு மூன்று சைக்கோசிஸ் மருந்துகளைச் சேர்த்து எழுதுவது, கடும் கட்டத்தில் ஏற்றிய அளவை ஆண்டுக்கணக்கில் அப்படியே விட்டுவைப்பது, இவற்றைக் கேள்வி கேட்க நோயாளிக்கும் வீட்டாருக்கும் முழு உரிமை உண்டு.

அப்படியானால் முதல் முறை சைக்கோசிஸ் வந்தவருக்கு எம்.ஆர்.ஐ. எதற்கு? மனச்சிதைவைத் தேட அல்ல. வேறு நோய் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2008இல், எல்லோருக்கும் வழக்கமாக எடுக்கத் தேவையில்லை என்றது. 2023இல் 1,613 பேரின் தரவைத் தொகுத்தபோது, சிகிச்சையை மாற்றக்கூடிய கண்டுபிடிப்பு 5.9 சதவீதம் பேருக்கு இருந்தது; ஏறத்தாழ 18 பேருக்கு ஒருவர். வசதி இருந்தால் ஒருமுறை எடுத்துவிடலாம் என்ற பக்கம் இந்த எண் சாய்கிறது. கீழ்க்கண்டவை இருந்தாலோ தள்ளிப்போடவே கூடாது: நாற்பது வயதுக்கு மேல் முதல்முறையாகத் தொடங்கியது, வலிப்பு, காய்ச்சல், வாந்தியோடு தலைவலி, சுயநினைவு மங்கி மங்கித் தெளிவது, ஒரு பக்கக் கை கால் பலவீனம், குரலைவிடக் காட்சிகள் அதிகம் தெரிவது, சில வாரங்களிலேயே மளமளவென்று மோசமாவது.

நம் ஊரில் நாடாப்புழுவின் முட்டையால் மூளையில் வரும் நீர்க்கட்டிகளும் காசநோய்க் கட்டிகளும் நினைவில் இருக்க வேண்டியவை. சுண்ணாம்பு படிந்த பழைய கட்டிகள் எம்.ஆர்.ஐ.யைவிட சி.டி.யில் தெளிவாகத் தெரியும். எம்.ஆர்.ஐ.யில் ஃப்ளேர் (மூளைத் திரவத்தின் வெண்மையை மறைத்து எடுக்கும் முறை) வரிசைப் படம் கட்டாயம் இருக்க வேண்டும். ஹிப்போகாம்பஸ் பகுதியின் அழற்சி அதில்தான் வெண்மையாகப் பளிச்சிடும். தொற்றோ கட்டியோ என்ற சந்தேகம் இருந்தால் மட்டுமே கான்ட்ராஸ்ட் மருந்து. அதற்கு முன், சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று அறிய, ரத்தத்தில் கிரியாட்டினின் பார்ப்பார்கள்.

ஒரு நோயைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் படம் ஏமாற்றும். நரம்புச் செல்கள் சமிக்ஞை வாங்கப் பயன்படுத்தும் என்.எம்.டி.ஏ. ஏற்பிகளுக்கு எதிராக உடலே எதிர்ப்பொருள் உண்டாக்கும் மூளை அழற்சியை 2007இல் ஜோசப் டால்மாவ் குழு விவரித்தது. இளம்பெண்களுக்கு அதிகம், சிலருக்குச் சினைப்பையில் டெரட்டோமா கட்டி இருக்கும். சில நாட்களில் சைக்கோசிஸ், பிறகு வலிப்பு, வாய் கோணும் அசைவுகள், உறைந்துபோதல், ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் தாறுமாறாதல். பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு எம்.ஆர்.ஐ. இயல்பாகவே இருக்கும். 'படம் நார்மல், மனநோய்தான்' என்று அனுப்பிவிட்டால் உயிர் போகலாம். இங்கே வழிகாட்டுவது மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி.யும் முதுகுத்தண்டு நீரில் எதிர்ப்பொருள் பரிசோதனையும். நேரத்தில் பிடித்து ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின் கொடுத்தால் பெரும்பாலோர் மீண்டுவருகிறார்கள். படத்தோடு சேர்ந்து தைராய்டு, பி12, கால்சியம், சர்க்கரை, கல்லீரல், எச்.ஐ.வி., சிபிலிஸ் பரிசோதனைகளும் சிறுநீரில் போதைப்பொருள் பரிசோதனையும் நடக்க வேண்டும். செலவில் இவை ஸ்கேனைவிடக் குறைவு. அடிக்கடி விடுபடுவதும் இவைதான்.

இவை எல்லாம் சரியாக இருந்து, மனச்சிதைவு என்று உறுதியானால், ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ. எடுப்பதால் பயன் இல்லை. அந்தப் பணத்தில் எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றை மருந்து தொடங்கும்போதும் மூன்று மாதத்திலும் அதன்பின் ஆண்டுக்கொரு முறையும் பார்க்கலாம். ஒலான்சபின், குளோசபின் எடுப்பவர்களுக்கு எடை வேகமாக ஏறும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுப்பாடின்றிப் போனால் அவையே மூளையைச் சுருக்கும்.

மருந்தைக் குறைக்க நினைப்பவர்களுக்கு 2023இல் வந்த பிரிட்டன் ஆய்வு ஒரு தெளிவான கணக்கைத் தருகிறது. 253 பேரில் ஒரு பிரிவினருக்கு மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைத்தார்கள், மறு பிரிவினர் பழைய அளவிலேயே தொடர்ந்தார்கள். இரண்டு ஆண்டு முடிவில் குறைத்தவர்களின் அன்றாட வாழ்க்கைத் திறன் கூடவில்லை. மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கு நோய் திரும்பியது குறைத்தவர்களில் 25 சதவீதம், தொடர்ந்தவர்களில் 13 சதவீதம். அதாவது குறைத்தவர்களில் நான்கில் மூன்று பேருக்கு அப்படி நேரவில்லை; ஆனால் ஆபத்து ஏறத்தாழ இரட்டிப்பானது. குறைப்பதானால் சிறு சிறு படியாக, ஒவ்வொரு படிக்கும் இடையில் சில மாதம் விட்டு, அளவு சிறியதாக ஆக ஆகப் படியையும் சிறியதாக்கிக் குறைக்க வேண்டும். மூளையில் மருந்து பிடித்துவைத்திருக்கும் ஏற்பிகளின் விகிதம் கடைசி சில மில்லிகிராமில்தான் சட்டென்று சரிகிறது. நோய் திரும்புவதற்கான முதல் அறிகுறி பெரும்பாலும் தூக்கம் கெடுவதும் சந்தேகம் துளிர்ப்பதும்தான். தொடர்ந்து இரண்டு மூன்று இரவு தூக்கம் போனால் அடுத்த தேதி வரும்வரை காத்திருக்காமல் மருத்துவரைக் கூப்பிட வேண்டும், பழைய அளவுக்கே திரும்ப வேண்டுமா என்று அவர் அப்போதே முடிவுசெய்வார்.